பூப் போடப் போன விமானி

என்னை டொக்டராக்குவது என்று நான் பிறந்த கையோடு எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவர் அப்பா. கண்டிக்கு மேலே ஹந்தானையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பது அவர் வேலை. சம்பளப் பட்டியலில் அவர் 'டிஸ்பென்சர்', தோட்டத்துச் சனங்களுக்கு 'டொக்டரையா'. காய்ச்சல் என்று வந்தால் சிவப்பு மருந்து. வயிற்றுக்கோளாறு என்று வந்தால் வெள்ளை மருந்து. என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு இரண்டையும் கலந்து இளஞ்சிவப்பு மருந்து. எதைக் கொடுத்தாலும் முகத்தில் ஒரே கண்டிப்பு. பாதிப் பேர் அந்தக் கண்டிப்பிலேயே குணமாகிப் போனார்கள்.

அப்பாவின் முடிவை எதிர்த்து நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு தவளைதான் செய்தது. கண்டி டவுனில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் விலங்கியல் மாஸ்டர் அதை மெழுகுத் தட்டில் மல்லாக்கப் படுக்கவைத்து, என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது, நானே மல்லாந்து கிடந்ததும் மாஸ்டர் என் முகத்தில் தண்ணீர் தெளித்ததும்தான். எங்கள் இருவரில் தவளைதான் முதலில் கண் விழித்தது என்று பக்கத்து மேசைப் பையன்கள் சத்தியம் செய்தார்கள்.

அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கடுகண்ணாவை ரயில் ஸ்டேஷனுக்குக் கீழே கருவாடு, மண்ணெண்ணெய், கயிறு, குடை எல்லாம் விற்கும் ஒரு கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால், உலக யுத்த காலத்தில், பேராதனைப் பூந்தோட்டத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டிருந்தபோது அந்த முகாமின் குசினியில் உருளைக்கிழங்கு உரித்தவர். அந்தக் காலத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், தளபதிகள் எல்லோரும் இவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பர்மாவுக்குப் படை அனுப்பினார்கள் என்று நினைக்கத் தோன்றும். "நாங்க யுத்தம் நடத்தினப்ப" என்றுதான் ஆரம்பிப்பார்.

அன்றைக்கு அவர் கொண்டுவந்த கருவாட்டை அம்மா பிரித்தபோது, சுற்றியிருந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாள் என் பக்கம் விழுந்தது. விமானப் படைக்கு விமானிப் பயிற்சிக்கு இளைஞர்கள் தேவை என்று அதில் ஒரு விளம்பரம். நான் சும்மா வாய்விட்டு வாசித்தேன். மாமா எழுந்து நின்றேவிட்டார்.

"டேய், இது ஒனக்குத்தான்டா போட்டிருக்கான்!"

அப்பா கதிரையில் இருந்தபடியே சொன்னார்: "தவளையப் பாத்து மயங்கி விழுந்தவன், பிளேன் ஓட்டப் போறானா?"

"ஆகாசத்துல தவளை கெடையாது மச்சான்" என்றார் மாமா.

அப்பா அந்தத் தாளை வாங்கி, விளம்பரத்தைத் தானே ஒரு தடவை வாசித்தார். அம்மா கருவாட்டைக் கழுவிக்கொண்டே, "சாப்பாடு அவங்களே போடுவாங்களா?" என்று கேட்டாள். போடுவார்கள் என்று மாமா சொன்னதும் வீட்டில் எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது.

எனக்கு ஆசை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஹந்தானையில் நாங்கள் விமானத்தைக் கண்டதே அபூர்வம். மேகத்துக்குள்ளே எங்கேயோ ஒரு சத்தம் போகும், பெண்கள் கொழுந்து பறிக்கும் கையை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இனிமேல் யாரும் என் கையில் கத்தரிக்கோல் தரமாட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விண்ணப்பம் போட்டேன். உடம்புப் பரிசோதனைக்கும் நேர்முகத்துக்கும் கூப்பிடும்வரை என்னைத் தயார்செய்யும் பொறுப்பை அப்பாவும் மாமாவும் பங்குபோட்டுக்கொண்டார்கள். உடம்பு அப்பாவுக்கு, பட்டாளத்து விஷயங்கள் மாமாவுக்கு. ஒருவர் செய்வதை மற்றவர் நம்பவில்லை. நான் நடுவில் கிடந்தேன்.

விமானிக்குக் குறைந்தபட்ச நிறை இருக்கிறது, இவன் அதற்குக் கீழே இருக்கிறான் என்று அப்பாவுக்குச் சந்தேகம். தோட்டத்தில் நம்பகமான தராசு ஒன்றே ஒன்றுதான். மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுப்பது. மாலையில் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றாய் நிறுத்துப் பதிவார். அப்பா என்னை அந்த வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினேன். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், ஒரு நிறை சொன்னார். அப்பா தலையில் கை வைத்தார். குறைவு.

அன்றிலிருந்து எனக்கு முட்டை, நெய், பாண், ஈரப்பலாக்காய், மாட்டுப்பால், அதற்கு மேல் அப்பாவின் சொந்தக் கலவையான ஒரு சத்து மருந்து. ஒவ்வொரு வாரமும் போய்த் தொங்குவேன். ஒவ்வொரு வாரமும் குறைவு. அம்மா அழுதாள், இன்னும் இரண்டு முட்டை வைத்தாள். என் காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை, ஆனால் தராசு என்னை மெலிந்தவன் என்றே சொன்னது. நாங்கள் தராசைத்தான் நம்பினோம்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஆகாயத்தில் தலை சுற்றாமல் இருப்பதுதான் விமானிக்கு முதல் தகுதி என்பது அவர் கட்சி. வீட்டுக்குப் பின்னால் இருந்த பலா மரத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த கயிற்றால் ஊஞ்சல் கட்டினார். என்னை அதில் உட்கார வைத்து, கயிறு இரண்டும் ஒன்றாய் இறுகும்வரை முறுக்கி, "பிளேன் போகுது!" என்று கத்தி விட்டுவிடுவார். நான் பம்பரமாய்ச் சுற்றி நின்றதும், "நேரா நட!" என்பார். நேராக நடந்து மல்லிகைப் பாத்திக்குள் விழுவேன். சாப்பிட்ட முட்டை, நெய் எல்லாம் அங்கே போய்ச் சேரும். அந்த வருடம் மல்லிகை நன்றாகப் பூத்தது.

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஒருத்தி இன்னொருத்தியிடம் கத்திச் சொன்னது எனக்கே கேட்டது: "டொக்டரையா மகனுக்குப் பேய் புடிச்சிருச்சு போல. மாமங்காரரு ஓட்டுறாரு!"

கத்தி, முள்ளுக்கரண்டி பிடித்துச் சாப்பிடுவதும் மாமாவின் பாடத்தில் இருந்தது. வீட்டில் அதற்கேற்ற சாப்பாடு இல்லாததால் ரொட்டியையும் கட்டசம்பலையும் வைத்துப் பழகினோம். சம்பலை முள்ளுக்கரண்டியால் குத்த முயன்று, அது தெறித்து அப்பாவின் கண்ணில் பட்டதோடு அந்தப் பாடம் நின்றது. ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். முகாம் குசினியில் வெள்ளைக்காரச் சமையல் சார்ஜன்ட் தினமும் இவரைப் பார்த்துச் சொன்ன நாலைந்து வார்த்தைகள்தான் அவர் ஆங்கிலம். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது. பாசத்தோடு சொன்னவை என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவற்றில் எதையும் நேர்முகத்தில் சொல்லிவிடக் கூடாது என்று பிரித்தறியும் அளவுக்குப் பள்ளிக்கூடம் எனக்கு ஆங்கிலம் கற்றுத் தந்திருந்தது.

கொழும்பில் உடம்புப் பரிசோதனை. என்னைத் தராசில் ஏற்றிய இராணுவ டொக்டர் முள்ளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"தம்பி, நீர் விமானத்தை ஓட்ட வந்தீரா, அதில் ஏற்றும் சாமானா?"

நான் திகைத்துப் போய், ஊரில் நிறுத்தபோது குறைவு என்று சொன்னார்களே என்றேன். எந்தத் தராசு என்று கேட்டார். சொன்னேன். அவரைப் போலச் சிரித்து நான் வேறு யாரையும் பார்த்ததில்லை. அவருடைய மாமனாருக்கு மாத்தளைப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம் இருந்ததாம். டொக்டர்தான் எனக்கு விளக்கினார். எங்கள் கணக்கப்பிள்ளை கூடைக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று எல்லா நிறையிலும் வழக்கமாய்க் கழித்துத்தான் சொல்வார். என்னிடமும் பழக்கதோஷத்தில் கழித்திருக்கிறார். என்னிடம் கூடையும் இல்லை, முற்றிய இலையும் இல்லை. ஆனாலும் கழித்திருக்கிறார். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரையும் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

பயிற்சி தொடங்குமுன் இளைக்கச் சொல்லி எழுதிவிட்டு, டொக்டர் என்னை அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் கேட்டார்.

"எந்த ஊர்?"

"கண்டி, சேர். ஹந்தானை."

"அதற்கு முன்னால்?"

"கண்டி ஆஸ்பத்திரி, சேர். பிரசவ வார்டு."

ஓரத்தில் இருந்தவர் இருமினார். நடுவில் இருந்தவர் விடவில்லை. "உம்முடைய அப்பா?"

"ஹந்தானை."

"தாத்தா?"

"அவரும் ஹந்தானை, சேர். அங்கே உள்ள தேயிலைச் செடிகளில் பாதி அவர் நட்டது."

அப்பா பதிவுப் பிரஜை, விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கியவர். கண்டியிலேயே பிறந்து வளர்ந்து வேலை செய்த மனிதர், தான் இந்த நாட்டில் இருப்பதாக எழுத்தில் நிரூபிக்கக் அரசாங்கக் கச்சேரிப் படியேறிச் செருப்புத் தேய்ந்தவர். அந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு ஓரத்தில் இருந்தவர் பேச்சை மாற்றி, ஏன் பறக்க விரும்புகிறீர் என்று கேட்டார். இதற்கு மாமா ஒரு பதில் தயாரித்திருந்தார். தாய்நாடு, உயிர், இரத்தம் எல்லாம் அதில் வரும். அந்த நேரம் பார்த்து ஒன்றும் வாயில் வரவில்லை. தவளையைப் பற்றித்தான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்து முடித்ததும், போகலாம் என்றார்கள்.

எல்லாம் முடிந்தது என்றே ஊருக்கு வந்தேன். ஒரு மாதம் கழித்துத் தெரிவாகிவிட்டதாகச் செய்தி வந்தது. மாமா கடுகண்ணாவைக் கடையில் வந்தவருக்கெல்லாம் சீனி மிட்டாய் கொடுத்தார். அப்பா வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று மருந்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இளஞ்சிவப்பு மருந்தே கொடுத்தார் என்று அம்மா சொன்னாள்.

பயிற்சி திருகோணமலைப் பக்கம், சீனன்குடாவில். என்னைப் பழக்கியவர் ஒரு பறங்கி அதிகாரி. வெளியில் மிகவும் மரியாதையான மனிதர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். விமானத்துக்குள் பின் ஆசனத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினால், மாமாவின் ஆங்கிலம் முழுவதும் அவர் வாயிலிருந்து வரும். அதே நாலைந்து வார்த்தைகள், அதே ஒழுங்கு. மற்றப் பையன்கள் முதல் நாளே முகம் வாடிப்போனார்கள். எனக்குக் கடுகண்ணாவையில் இருப்பதுபோல இருந்தது.

தனியாகப் பறக்கவிட்ட அன்று காலையில் அவர் இறங்கி, விமானத்தின் இறக்கையைத் தட்டி, "போ" என்றார். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. மேலே ஏறியதும் எனக்கு முதலில் தோன்றியது, திட்டுவதற்கு ஆள் இல்லையே என்ற பயம்தான். அவர் சொல்வதையெல்லாம் நானே எனக்குச் சத்தமாய்ச் சொல்லிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். கீழே கடல் பச்சையாய்க் கிடந்தது. அவ்வளவு அழகை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. மாமாவின் ஊஞ்சலில் அது இல்லை. கொஞ்ச நேரம் திட்டுவதை மறந்துவிட்டேன். இறங்கும்போது விமானம் இரண்டு தடவை துள்ளியது.

அவர் நடந்து வந்து சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். "நீ முழுசாக இருக்கிறாய். பரவாயில்லை. விமானமும் முழுசாக இருக்கிறது. சந்தோஷம்" என்றார். இறக்கைச் சின்னம் குத்திய அன்றும் அவர் இதைவிட அதிகமாய்ப் பாராட்டவில்லை.

விமானியாகிவிட்டேன். இனி யுத்தம்தான் என்று மாமா எதிர்பார்த்தார். யார் மேல் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஆனால் எங்கள் நாட்டுக்கு அப்போது எதிரி என்று யாரும் கிடைத்திருக்கவில்லை. நான் செய்ததெல்லாம் உயர் அதிகாரிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விடுவது, பிறகு அவர்கள் மறந்துவிட்டுப் போன பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது. லீவில் வீட்டுக்குப் போகும்போது மாமா தனியாய்க் கூட்டிப்போய், "ரகசியம்னா சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டு. குண்டு போட்டியா?" என்று கேட்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிறான் என்று அவர் பெருமைப்படுவார்.

கடைசியில் ஒரு நாள் உண்மையிலேயே ஒன்றைப் போடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அது பூ.

கெட்டம்பேயில், ஆற்றங்கரைப் பக்கம், ஒரு புதிய விளையாட்டுத் திடலைத் திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வருகிறார். அவர் எழுந்து பேசத் தொடங்கும்போது ஆகாயத்திலிருந்து பூமாரி பொழிய வேண்டும் என்று விழாக்குழு கேட்டிருந்தது. கண்டியைச் சுற்றியுள்ள மலைகளைத் தெரிந்தவன் என்பதால் என்னைப் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் ஊரின் மேல், என் வீட்டுக்கு எதிரில் பறக்கப்போகிறேன். வீட்டுக்குத் தந்தி அடித்தேன்.

மாமா கடையை மூடிவிட்டு, அப்பாவை அவருடைய கல்யாணக் கோட்டோடு இழுத்துக்கொண்டு விழாவுக்குப் போய் மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். அம்மா போகவில்லை. "அங்க போயி அண்ணாந்து பாக்கிறத வாசல்ல நின்னே பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாளாம்.

விழாக்குழு முதல்நாளே பூக்களை உதிர்த்து இரண்டு சாக்கில் கட்டி எங்களுக்கு அனுப்பியிருந்தது. செவ்வந்தி, அரளி, ரோசா. வாடிவிடக் கூடாதே என்று யாரோ ஒரு புண்ணியவான் சாக்குகளைத் தண்ணீரில் முக்கி எடுத்திருக்கிறார். என்னோடு வந்தவர் ஒரு சிங்களச் சிப்பாய். கதவைக் கழற்றிய வாசலில் வாரால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் கை காட்டியதும் சாக்கை அவிழ்த்துக் கொட்டுவது அவர் வேலை.

அன்று மேகம் விலகியிருந்தது. கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டி, மகாவலியின் வளைவைப் பிடித்துக்கொண்டு தாழ வந்தேன். திடல், மேடை, கொடிகள், மேலே பார்க்கும் ஆயிரம் முகங்கள். கை காட்டினேன். முதல் சாக்குச் சரியாகத்தான் கொட்டியது. ஆனால் நனைந்து, ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி, இராத்திரி முழுக்கக் கிடந்த பூ, பூவாக விழவில்லை. சாக்கின் வடிவத்திலேயே ஒரு பெரிய பிட்டுப் போல ஒரே கட்டியாய் விழுந்தது.

திரும்பி இரண்டாவது சுற்று வந்தேன். கை காட்டினேன். ஒன்றும் விழவில்லை. பின்னாலிருந்து சிப்பாய் கத்தினார்: "கெட்டே லிஹென்னே நே, சேர்!" முடிச்சு அவிழவில்லையாம். ஈரத்தில் கயிறு இறுகிவிட்டது. எனக்கு முன்னால் ஹந்தானை மலை எழுந்து நின்றது. மலை காத்திருக்காது. விமானத்தை உயர்த்தித் திருப்பினேன். அந்த நேரம் சிப்பாய் பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார். இந்தச் சாக்கில் பூ அவ்வளவு இறுகியிருக்கவில்லை. பொலபொலவென்று கொட்டியது. காற்றில் பரந்து, வெயிலில் மினுங்கி, விழாக்குழு கனவு கண்ட அதே பூமாரி, எங்கள் தோட்டத்தின் மேல் பொழிந்தது.

கீழே நடந்ததை எல்லாம் பிறகு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். திடலில் அந்தப் பூக்கட்டி, மேடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயின் வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அப்போதுதான் எழுந்து "அன்பான" என்று தொடங்கிய பெரிய மனிதரின் குரல் அதோடு நின்றுவிட்டது. அவர் பேசினார், வாய் அசைந்தது, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வெயிலில் காத்திருந்த சனம் பெரிதாய்க் கை தட்டியது. மாமா எழுந்து நின்று, "பாத்தீங்களா? சொல்லி வச்ச மாதிரிப் போட்டான்! ஓட்டுறது என் மருமகன்!" என்று சுற்றியிருந்தவர்களுக்கு அறிவித்தார். அப்பா கோட்டுக் கொலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு வெளியேறினார்.

அவர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே இதைவிடப் பெரிய கூத்து. மலையில் நின்ற பெண்களுக்கு முதலில் சிரிப்பும் கூச்சலும்தான். கொண்டையில், கூடையில், முக்காட்டில் எல்லாம் பூ. ஆனால் தோட்டத்துத் துரைக்கு யாரோ போய், பிளேனிலிருந்து பூச்சிமருந்து அடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரை போய், நம் நாட்டுத் துரை வந்து கொஞ்ச நாள். பழைய துரையின் பங்களா, நாய், பைப்பு, கோபம் நான்கையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்து, எல்லோரையும் லயத்து வீடுகளுக்கு அனுப்பு, அரைப் பேர் போடு என்று உத்தரவு போட்டார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். வானத்திலிருந்து பூ விழுந்த குற்றத்துக்கு அந்த மலைப் பெண்களுக்குப் பாதிக் கூலி வெட்டு.

அப்பா வந்ததும் அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு பெண் கொண்டையிலிருந்த செவ்வந்தி இதழை எடுத்துக் காட்டி, "டொக்டரையா, ஒங்க மகன் போட்ட பூதானே இது? இதுக்கா எங்களுக்கு அரைப் பேரு?" என்று கேட்டாள். அப்பா அந்த இதழை வாங்கி, கோட்டைக் கழற்றாமலே துரையின் பங்களாவுக்கு நடந்தார். அவர் அதுவரை துரையிடம் "யெஸ் சேர்" தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. அங்கே நடந்ததைப் பங்களா வாசலில் நின்ற காவல்காரர் தோட்டம் முழுக்கச் சொன்னார்.

துரை கேட்டாராம்: "என்ன மருந்து அது?"

"பரிசோதிச்சேன் சேர். தேயிலைக்கு ஒரு கெடுதலும் இல்லை. இன்னைக்குப் பறிச்ச கொழுந்தத் தாராளமா ஃபெக்டரிக்கு அனுப்பலாம்."

துரைக்கு நிம்மதி. "அப்படியென்றால் அவர்களை உடனே மலைக்குப் போகச் சொல்லும்."

"அது முடியாது சேர். பொம்பளைங்களுக்குக் கெடுதல். பூத்தூள் மூச்சில ஏறியிருக்கு. வைத்திய உத்தரவுல ஓய்வு. முழுப் பேரு குடுக்கணும்."

"தேயிலைக்குக் கெடுதல் இல்லை, பெண்களுக்குக் கெடுதலா?"

"ஆமா சேர். இல்ல, ரெண்டுக்கும் கெடுதல்னு எழுதணும்னாலும் எழுதிடுறேன். கொழுந்தைக் குழி தோண்டிப் புதைச்சிடலாம்."

துரை பைப்பைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய கொழுந்தின் கணக்கை விரலால் எண்ணிப் பார்த்தாராம். அப்பா சிவப்பு மருந்து கொடுக்கும்போது வைத்திருக்கும் முகத்தோடு நின்றாராம். முழுப் பேர் கிடைத்தது. பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு வாய் இளஞ்சிவப்பு மருந்து குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நோய் நோயாக இருக்க வேண்டும் அல்லவா. அப்பாவை அன்று முதல் நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாக்கை நீட்டச் சொல்லியிருப்பார்.

முகாமில் என்னை விசாரித்தார்கள். எங்கள் மேலதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பெரிய மனிதரின் பேச்சு எவ்வளவு நீளம் என்று தெரியுமா?" என்றார்.

"தெரியாது, சேர்."

"போன மாதம் இன்னொரு விழாவில் நான் அவர் பேச்சுக்கு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவனமின்மை என்று எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ."

மறுபடி பெட்டிகள் கொண்டுபோகும் வேலைக்கு வந்தேன். பிறகு ஒரு வருடம் மழை பெய்து மட்டக்களப்புப் பக்கம் ஊர்கள் நீரில் மூழ்கியபோது, அரிசி மூட்டை போட அனுப்பினார்கள். அங்கே மேலே பார்த்த முகங்கள் வேறு மாதிரி இருந்தன. அந்த வேலையைப் பற்றி மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஏமாற்றம். மூட்டை போட்டதை அவர் கடையில் யாருக்கும் சொல்லவில்லை. பூப் போட்டதைத்தான், கடைசிவரை, குறி பார்த்து ஒலிபெருக்கியை அடித்த கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விமானப் படையில் நான் அதிக காலம் இருக்கவில்லை. மேல் பதவிக்குப் போக ஒரு புதிய மொழிப் பரீட்சை வந்தது. என்னோடு வந்த சிப்பாய்க்குச் சமமாக என்னால் சிங்களத்தில் கத்த முடியும், பரீட்சைத் தாளில் எழுத முடியவில்லை. பிறகு தனியார் விமானக் கம்பெனி ஒன்றுக்குப் போனேன். போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து ஒரு பயணியைத் திருகோணமலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்தப் பெரிய மனிதரேதான். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண்டி மலைகள் தெரிந்ததும் பேச்சுக் கொடுத்தார்.

"உமக்கு எந்த ஊர்?"

"கண்டி, சேர்."

"கண்டியா? அங்கே ஒரு தடவை எனக்குப் பூப் போடுகிறேன் என்று ஒரு முட்டாள் வந்து..." முழுக்கதையையும் சொன்னார். அவர் சொன்னதில் அது பூக்கட்டி இல்லை, எதிர்க்கட்சியின் சதி. "அவனைப் பிடித்தார்களா என்று உமக்குத் தெரியுமா?"

"விசாரிச்சாங்க சேர். எழுதி வாங்கினாங்க."

"நல்லது. உம்மைப் போல ஒருவரை அனுப்பியிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு தூங்கிவிட்டார். கீழே ஹந்தானையில் அன்றும் மேகம் மூடியிருந்தது. வாசலில் அம்மா நிற்பாளா என்று பார்க்க முடியவில்லை. திசையைச் சரிபார்த்துக்கொண்டு, அவரை எழுப்பாமல், விமானத்தை மெதுவாக வடகிழக்கே திருப்பினேன்.